செல் வங்கி: மைனஸ் 196 டிகிரியில் ஒரு வரலாறு

வேலையில் இருந்த காலத்தில் கல்யாண வீடுகளில் யாராவது "எங்கே வேலை?" என்று கேட்டால், "மருந்துக் கம்பெனியில் பேங்க்கைப் பார்த்துக்கொள்கிறேன்" என்பேன். அக்கவுண்ட்ஸ் பிரிவு என்று நினைத்துக்கொண்டு லோன் பற்றி விசாரித்தவர்கள் உண்டு. நான் பார்த்துக்கொண்டது செல் வங்கி. பெரிய எவர்சில்வர் அண்டா மாதிரி ஒரு தொட்டி, அதில் திரவ நைட்ரஜன், அதற்குள் அடுக்கடுக்காகச் சுண்டுவிரல் அளவுக் குப்பிகள். ஒவ்வொரு குப்பியிலும் சில லட்சம் முதல் ஒரு கோடி வரை உயிருள்ள செல்கள், உறைந்த நிலையில். வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ்.

மருந்து கண்டுபிடிப்பதற்கும் இந்த அண்டாவுக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்டதுண்டு. ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல. எனவே இந்தப் பதிவு கொஞ்சம் நீளம்.

வேதியியலாளர் ஒரு புதுப் பொருளைத் தயாரிக்கிறார். அது மருந்தாகுமா என்று பார்க்க எடுத்தவுடன் மனிதருக்குக் கொடுக்க முடியாது. ஆயிரக்கணக்கான பொருட்களை எலிக்குக் கொடுத்துப் பார்க்கவும் கட்டுப்படியாகாது. அதனால் முதல் சல்லடை செல்தான். 96 குழிகள், இப்போது 384 குழிகள் உள்ள பிளாஸ்டிக் பிளேட்டில் செல்களைப் போட்டு, ஒவ்வொரு குழியிலும் ஒரு பொருளைச் சொட்டு விட்டு, செல் செத்ததா, வளர்ந்ததா, சமிக்ஞை கொடுத்ததா என்று அளப்பார்கள். ஸ்கிரீனிங் என்பது இதுதான்.

இதில் எல்லோரும் பொருளைப் பற்றியே பேசுவார்கள். அளவுகோலாக இருக்கும் செல்லைப் பற்றி யோசிப்பவர் குறைவு. துணிக்கடையில் அளக்கும் கோல் திங்கட்கிழமை ஒரு நீளமும் வியாழக்கிழமை ஒரு நீளமும் இருந்தால் வியாபாரம் என்ன ஆகும்? தொடர்ந்து வளர்க்கப்படும் செல் அப்படிப்பட்ட கோல். ஒவ்வொரு முறை பிரித்து வேறு குடுவைக்கு மாற்றும்போதும் (நாங்கள் பாசேஜ் என்போம்) அதில் வேகமாக வளரும் ரகம் மேலே வரும், மெதுவாக வளர்வது காணாமல் போகும். மூன்று மாதத்தில் பெயர் மட்டும் அதேதான்.

எங்கள் லேபிலேயே இது நடந்திருக்கிறது. ஒரு வேதியியல் குழு தயாரித்த வரிசையில் புதிதாக வந்த பொருட்கள் எல்லாம் திடீரென்று வீரியம் குறைந்தவையாகத் தெரிந்தன. கெமிஸ்ட்ரிக்காரர்களுக்கும் பயாலஜிக்காரர்களுக்கும் வாரக் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். அந்த வரிசையையே கைவிட்டுவிடலாம் என்ற பேச்சு வந்துவிட்டது. பிறகு ஒருவர், ஒவ்வொரு பிளேட்டிலும் ஒப்பீட்டுக்காக வைக்கும் பழைய மருந்தின் எண்களை ஆறு மாதத்துக்கு வரிசையாகப் போட்டுப் பார்த்தார். அதுவும் அதே அளவுக்குச் சரிந்திருந்தது. பொருளில் குறையில்லை, செல்தான் மாறியிருந்தது. தொட்டியிலிருந்து பழைய குப்பி ஒன்றை எடுத்து உருக்கி வளர்த்துச் சோதித்தோம். எண்கள் பழைய இடத்துக்குத் திரும்பின. இரண்டு வருட உழைப்பு ஒரு குப்பியால் பிழைத்தது.

செல்லை உறைய வைத்து மீண்டும் உயிரோடு எடுக்கலாம் என்று எப்படித் தெரிந்தது?

லண்டனில் மில் ஹில் என்ற இடத்தில் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இருந்தது. 1940-களின் கடைசியில் அங்கே ஆலன் பார்க்ஸ், ஆட்ரி ஸ்மித், இளைஞரான கிறிஸ்டோபர் போல்ஜ் மூவரும் சேவலின் விந்தணுவை உறைய வைத்துப் பிழைக்க வைக்க முயன்றார்கள். பழச்சர்க்கரைக் கரைசலில் வைத்துப் பார்த்தார்கள், பலனில்லை. கரைசல் பாட்டில்களைக் குளிர் அறையில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். சில மாதம் கழித்து அதே பாட்டிலை எடுத்து மறுபடி முயன்றபோது உருகிய விந்தணுக்கள் நீந்தின! புதிதாகப் பழச்சர்க்கரைக் கரைசல் தயாரித்துச் செய்தால் மறுபடியும் தோல்வி. பாட்டிலில் கொஞ்சம்தான் மிச்சம். அதைப் பகுப்பாய்வுக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது அதில் சர்க்கரையே இல்லை. கிளிசராலும் முட்டை வெண்கருப் புரதமும் இருந்தன. நுண்ணோக்கிச் சில்லுகளில் திசுக்களை ஒட்டப் பயன்படும் கரைசல் அது. குளிர் அறையில் லேபிள் மாறிப்போயிருந்தது. 1949-ல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது.

லேபிள் மாறியதால் கிடைத்தது என்று இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. லேபிள் மாறுவது எந்த லேபிலும் நடக்கும். புது பாட்டிலில் வரவில்லை, பழைய பாட்டிலில் வருகிறது என்று கண்டதும் மிச்சம் இருந்த கொஞ்சத்தை இன்னொரு சோதனைக்குச் செலவழிக்காமல் பகுப்பாய்வுக்கு அனுப்பினார்களே, அந்தப் பொறுமைதான் கண்டுபிடிப்பு.

இதன் முதல் பலன் மாட்டுக்குப் போனது. உறைந்த விந்தணுவால் பிறந்த முதல் கன்று 1951-ல் இங்கிலாந்தில். நம் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் போடும் சினை ஊசி இதன் நேர் வாரிசு. மருத்துவர் சின்ன நைட்ரஜன் கேனிலிருந்து ஸ்ட்ராவை இடுக்கியால் எடுத்து வெந்நீரில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். நாங்கள் லேபில் செய்ததும் கிட்டத்தட்ட அதேதான்.

அதே மில் ஹில்லில் ஜேம்ஸ் லவ்லாக் இருந்தார். பிற்காலத்தில் பூமியே ஓர் உயிர் போல இயங்குகிறது என்ற கயா கோட்பாட்டால் புகழ்பெற்ற அதே லவ்லாக்தான். (உறைந்த வெள்ளெலிகளை நுண்ணலையால் சூடாக்கி எழுப்பிய வேலையும் இவர் கணக்கில் உண்டு.) உறையும்போது செல்லைக் கொல்வது பனிக்கட்டியின் ஊசிமுனை மட்டும் அல்ல, உப்பும்தான் என்று 1953-ல் காட்டினார். செல்லுக்கு வெளியே உள்ள நீர் பனியாகிவிட்டால், மிச்சமிருக்கும் கொஞ்ச நீரில் உப்பு அடர்ந்துவிடும். உப்பில் போட்ட நார்த்தங்காய் போலச் செல் நீரை இழந்து சுருங்கும். கிளிசரால் அந்த அடர்த்தியைக் குறைத்துக் காப்பாற்றுகிறது. ஆனால் எல்லா வகைச் செல்லுக்குள்ளும் அது எளிதில் நுழைவதில்லை. 1959-ல் லவ்லாக்கும் பிஷப்பும் சேர்ந்து இன்னொரு திரவத்தை முன்வைத்தார்கள்: டைமெத்தில் சல்ஃபாக்சைடு, சுருக்கமாக டி.எம்.எஸ்.ஓ. காகித ஆலைக் கழிவிலிருந்து கிடைக்கும் பொருள். கையில் பட்டால் சற்று நேரத்தில் வாயில் பூண்டு ருசி வரும், அவ்வளவு வேகமாகத் தோலைக் கடக்கும். அந்தக் குணம்தான் இங்கே தேவைப்பட்டது. இன்றுவரை செல் வங்கிகளில் பெரும்பாலும் 10 சதவீத டி.எம்.எஸ்.ஓ.தான். சோதிக்க வேண்டிய வேதிப்பொருட்களைக் கரைத்து வைப்பதும் இதே திரவத்தில். உறையில் காக்கும் இது, உருகிய பிறகு அதிகம் இருந்தால் செல்லுக்கு விஷம். ஆகவே உருக்கியவுடன் கழுவி நீக்க வேண்டும்.

குளிர வைக்கும் வேகமும் முக்கியம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் பீட்டர் மசூர் இதைக் கணக்காகப் போட்டார். மெதுவாகக் குளிர்ந்தால் உப்பு கொல்லும். வேகமாகக் குளிர்ந்தால் உள்ளே இருக்கும் நீர் வெளியேற நேரமில்லாமல் அங்கேயே பனியாகிக் கிழிக்கும். நடுவில் ஒரு வேகம் உண்டு, அது செல்லுக்குச் செல் வேறு. 1972-ல் லைபோ, சூ ஆகியோருடன் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் பாடம். பெரும்பாலான பாலூட்டிச் செல்களுக்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. உருக்கும்போது மட்டும் அவசரம், 37 டிகிரி நீரில் இரண்டு நிமிடத்துக்குள். மெதுவாக உறைய வை, சீக்கிரம் உருக்கு என்பதைப் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்போம். பணக்கார லேபுகளில் நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்குக் கணினி வைத்த இயந்திரம். எங்களிடம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஊற்றிய 'மிஸ்டர் ஃப்ராஸ்டி' என்ற பிளாஸ்டிக் டப்பா. மைனஸ் 80 ஃப்ரீசரில் ராத்திரி வைத்துவிட்டுப் போனால் போதும்.

இதுவரை சொன்னது பிழைக்க வைப்பது பற்றி. அளவுகோல் என்ற என் கேள்விக்கு அது போதாது. உறைந்த செல் விழித்தெழும்போது எந்த வயதில் எழுகிறது?

இதற்குப் பதில் சொன்னவர் ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிலையத்தில் இருந்த லியோனார்ட் ஹேஃப்லிக். அதற்கு முன், உடலுக்கு வெளியே வளர்க்கும் செல் சாகாது என்றே நம்பினார்கள். அலெக்சிஸ் காரலின் ஆய்வகத்தில் கோழி இதயச் செல்களை 1912 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வளர்த்ததாகச் சொன்னது அதற்கு ஆதாரம். ஹேஃப்லிக்கும் பால் மூர்ஹெட்டும் 1961-ல், சாதாரண மனிதச் செல் ஏறத்தாழ 50 முறை இரட்டித்துவிட்டு நின்றுவிடும் என்றார்கள். அந்த வேலையின் ஒரு பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. உதாரணத்துக்கு 20-ஆவது இரட்டிப்பில் ஒரு குப்பியை உறைய வைக்கிறீர்கள் என்று வையுங்கள். எவ்வளவு காலம் கழித்து எடுத்தாலும் அது இன்னும் 30 முறை மட்டும் இரட்டிக்கும். குளிரில் கழித்த காலம் கணக்கில் சேர்வதில்லை. விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கை தொடர்கிறது!

மூப்பைப் பற்றிய கண்டுபிடிப்பாக உலகம் இதைப் படித்தது. ஆனால் சோதனைக்கூடக்காரருக்கு இதில் வேறொரு செய்தி இருக்கிறது. ஒரே நாளில் நிறையக் குப்பிகளை உறைய வைத்துவிட்டால், பத்து வருடம் கழித்து எடுக்கும் குப்பியும் அதே நாளைச் சேர்ந்தது. ஹேஃப்லிக் 1962-ல் செய்தது அதுதான். டபிள்யூ.ஐ.-38 என்ற கருவின் நுரையீரல் செல்லைச் சுமார் 800 குப்பிகளில் உறைய வைத்தார். ரூபெல்லா தடுப்பூசி உட்படப் பல தடுப்பூசிகள் அதிலிருந்து வந்தன. கரு எந்தத் தாயுடையதோ அந்த ஸ்வீடன் நாட்டுப் பெண்ணிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. 1951-ல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து ஹீலா செல்லை எடுத்தபோதும் கேட்கவில்லை. எங்கள் தொட்டியிலும் ஹீலா இருந்தது. ஹீலா இல்லாத செல் வங்கியை நான் பார்த்ததில்லை.

அந்த ஹீலாவே பிறகு பெரிய தலைவலி ஆனது. வேகமாக வளரும் செல், ஒரு துளி தெறித்தாலும் பக்கத்துக் குடுவையை ஆக்கிரமித்துவிடும். 1966-ல் பென்சில்வேனியாவின் பெட்ஃபர்டில் நடந்த மாநாட்டில் ஸ்டான்லி கார்ட்லர், வேறு வேறு மனிதரிடமிருந்து வந்தவை என்று நம்பப்பட்ட 18 செல் வகைகளில் ஒரே வகை நொதி இருப்பதைக் காட்டினார். அந்த நொதி வகை ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படுவது. செல்களோ பெரும்பாலும் வெள்ளையரிடம் எடுத்தவை. அத்தனையும் ஹீலா. அரங்கில் இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குடலைப் பற்றி, கல்லீரலைப் பற்றி என்று பல வருடம் எழுதியதெல்லாம் ஒரே பெண்ணின் கருப்பை வாய்ப் புற்று.

1980-களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையம் ஒரு துணிச்சலான மாற்றம் செய்தது. அதுவரை புது மருந்துகளின் முதல் தேர்வு, ரத்தப் புற்று ஏற்றப்பட்ட எலிகளில்தான். அதற்குப் பதிலாக ஒன்பது வகைப் புற்றுகளைச் சேர்ந்த 60 மனிதச் செல் வகைகள். 1990-ல் முழு அளவில் ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு பொருளுக்கும் 60 எண்கள் கிடைக்கும், எந்தச் செல் எவ்வளவு பாதிக்கப்பட்டது என்று. அந்த 60-ம் சேர்ந்து கைரேகை மாதிரி. கென் பால் என்பவர் 'கம்பேர்' என்ற கணினி முறையைச் செய்தார். புதுப் பொருளின் ரேகை எந்தப் பழைய மருந்தின் ரேகையை ஒத்திருக்கிறது என்று அது தேடும். ஜப்பானியக் கடல் பஞ்சிலிருந்து எடுத்த ஹாலிகாண்டிரின் என்ற பொருள் செல் பிரிவதைத் தடுக்கும் வகை என்று 1991-ல் இப்படித்தான் பிடிபட்டது. அதன் சந்ததியான எரிபுலின் 2010-ல் மார்பகப் புற்று மருந்தாக அனுமதி பெற்றது.

கைரேகை ஒப்பீடு எதை நம்பி நடக்கிறது பாருங்கள். இன்று போட்ட ரேகையை ஐந்து வருடத்துக்கு முன் போட்ட ரேகையோடு ஒப்பிட வேண்டும் என்றால், 60 விரல்களும் மாறாமல் இருக்க வேண்டும். எனவே செல்களை முதலில் மொத்தமாக உறைய வைத்துவிட்டு, குறிப்பிட்ட எண்ணிக்கை பாசேஜுக்கு மேல் போனால் வீசிவிட்டுப் புதுக் குப்பி எடுப்பது அங்கே விதி.

ஆனால் உறைநிலை உண்மையை மட்டும் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. அந்த 60-ல் எம்.டி.ஏ.-எம்.பி.-435 என்று ஒன்று, மார்பகப் புற்று என்று பெயர். 2000-ல் மரபணு வெளிப்பாட்டைப் பார்த்தபோது அது தோல் புற்றான மெலனோமா போல இருந்தது. பிறகு எம்-14 என்ற மெலனோமா செல்லேதான் என்று உறுதியானது. சரி, பழைய குப்பியை எடுத்துப் பார்ப்போம் என்று கிடைத்த பழைய இருப்புகளைச் சோதித்தார்கள். அவையும் எம்-14. எந்த நாளிலோ நடந்த கலப்படத்தை நைட்ரஜன் பத்திரமாகப் பாதுகாத்து வைத்திருந்தது. இப்போதெல்லாம் டி.என்.ஏ. அடையாளம் பார்க்காமல் எந்த வங்கியும் குப்பியைப் பூட்டுவதில்லை.

இதுவரை சொன்ன முறையில் குப்பியை உருக்கி, சில வாரம் வளர்த்து, பிறகு சோதிப்பார்கள். 2000-க்குப் பிறகு இன்னொரு படி வந்தது. வளர்ப்பதை ஒரு பக்கம் முடித்துவிட்டு, உருக்கிய அன்றே நேராகப் பிளேட்டில் போடுவது. காரணம் எண்ணிக்கை. ஒரு லட்சம் பொருட்களைச் சோதிக்க 384 குழிப் பிளேட் ஏறத்தாழ 300 வேண்டும். குழிக்குப் பத்தாயிரம் செல் என்றால் 115 கோடி செல்கள். அவற்றைச் சோதனை நடக்கும் வாரங்களில் தினமும் சரியான அளவுக்கு வளர்த்துக் கொடுப்பது கல்யாணச் சமையல் மாதிரி, பந்தி தள்ளிப்போனால் எல்லாம் வீண். செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. தீபாவளி அன்று எண்ணெய்க் குளியல் முடித்துவிட்டு லேபுக்குப் போய் மீடியா மாற்றிவிட்டு வந்து பட்சணம் சாப்பிட்டவர்களில் நானும் ஒருத்தி.

இதற்கு மாற்றாக, ஒரே தடவையில் பெரிய அளவில் வளர்த்து, நூற்றுக்கணக்கான குப்பிகளில் உறைய வைத்து, இரண்டு குப்பியை எடுத்துத் தரம் பார்த்துவிட்டு, தினமும் வேண்டிய அளவை உருக்கிக் கொள்வது. 2007-ல் நெதர்லாந்தின் ஆர்கனான் நிறுவன ஆய்வாளர்கள் இப்படி உறைந்த செல்லை நேராகப் பயன்படுத்தலாம் என்று விரிவாக எழுதினார்கள். செல் அப்போதுதான் நிஜமாகவே அலமாரியில் இருக்கும் ஒரு ரசாயனம் போல ஆனது, பேட்ச் நம்பரோடு.

எல்லாச் செல்லும் இதற்கு ஒத்துழைக்காது. உருகியவுடன் டிரைபான் நீலம் போட்டுப் பார்த்தால் 90 சதவீதம் உயிரோடு இருக்கும். மறுநாள் காலையில் பாதி இருக்காது. உறையும்போது பட்ட அடியால் செல் தானே சாக முடிவெடுத்து, மணிக்கணக்கில் கழித்துச் சாகிறது. அமெரிக்காவில் ஜான் பாஸ்ட் குழுவினர் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை விவரித்தார்கள். அரை மணி நேரத்தில் முடியும் கால்சியம் சமிக்ஞைச் சோதனைக்கு அப்போதே உருக்கிய செல் போதும். மூன்று நாள் நச்சுச் சோதனைக்கு அதை அப்படியே நம்பக்கூடாது. சப்ளையர் காகிதத்தில் போடும் உயிர்ச் சதவீதம் முதல் ஐந்து நிமிடத்தின் எண் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

உறைய வைத்த செல் நம் உயிருக்கு நேரடியாக உதவும் இடம் என்று கேட்டால் கல்லீரலைச் சொல்வேன். நாம் விழுங்கும் மாத்திரையைக் கல்லீரல்தான் உடைக்கிறது. ஒரு மாத்திரை இன்னொன்றின் உடைப்பைத் தடுத்தால் ஆபத்து. டெர்ஃபெனடின் என்ற அலர்ஜி மாத்திரை அப்படித்தான். கல்லீரல் அதை உடனே வேறொரு பொருளாக மாற்றிவிடும். கூடவே கீட்டோகோனசோலோ எரித்ரோமைசினோ சாப்பிட்டால் அந்த மாற்றம் நின்று, மருந்து ரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பு தாறுமாறாகும். உயிரிழப்புகள் நடந்தன, 1998-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து போனது. கல்லீரல் மாற்றித் தந்த அந்தப் பொருளையே மாத்திரையாக்கினார்கள், இன்று அலெக்ரா என்று வாங்குகிறோமே அதுதான். அடுத்து ட்ரோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மருந்து. 1997-ல் அமெரிக்காவில் வந்து, கல்லீரல் செயலிழப்புகளால் 2000-ல் திரும்பப் பெறப்பட்டது. விலங்குச் சோதனைகள் எச்சரிக்கவில்லை. மனிதக் கல்லீரல் செல் தேவை என்பது எல்லோருக்கும் உறைத்தது.

ஆனால் வளர்ந்த மனிதனின் கல்லீரல் செல் தட்டில் பெருகாது. ஓரிரு நாளில் தன் நொதிகளையும் இழந்துவிடும். மாற்றுச் சிகிச்சைக்குத் தானமாக வந்து, கொழுப்பு அதிகம் என்றோ நேரம் கடந்துவிட்டது என்றோ அறுவை மருத்துவர்கள் ஒதுக்கிய கல்லீரல்கள்தான் மூலம். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நள்ளிரவில் வரும், வந்தால் அன்றே சோதிக்க வேண்டும். உறைய வைக்கும் முறை 1990-களில் தேறிய பிறகுதான் இது ஒழுங்கான வேலை ஆனது. ஒருவர் கல்லீரல் மாதிரி இன்னொருவருடையது இருக்காது என்பதால், மருந்து கல்லீரல் நொதிகளைத் தூண்டுகிறதா என்று பார்க்கக் குறைந்தது மூன்று பேருடைய செல்லில் சோதிக்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்கிறது. வேறு சோதனைகளுக்குப் பத்து, இருபது, ஐம்பது பேருடைய செல்களைக் கலந்து ஒரே பேட்ச்சாக விற்கிறார்கள். வெவ்வேறு வருடங்களில், வெவ்வேறு ஊர்களில் இறந்தவர்களின் செல்களை ஒரே குப்பியில் சேர்ப்பது குளிர் இல்லாமல் நடக்காத காரியம்.

எங்களுக்கு அந்தக் குப்பிகள் வெளிநாட்டிலிருந்து நைட்ரஜன் ஆவி ஊறிய பெட்டியில் வரும். சுங்கத்தில் இரண்டு நாள் அதிகம் நின்றால் வயிற்றைக் கலக்கும். கூடவே ஒரு தாள் இருக்கும். வயது, ஆணா பெண்ணா, இனம், உயரம், எடை, புகைத்தாரா, குடித்தாரா, என்னென்ன மருந்து சாப்பிட்டார், எதனால் இறந்தார். பெயர் இருக்காது, மூன்று எழுத்துக் குறியீடு மட்டும். ஒரு பேட்ச் தீரப்போகிறது என்றால் அடுத்த பேட்ச்சின் மாதிரிக் குப்பிகளை வரவழைத்து, இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் போட்டு, ஒரே மருந்தைக் கொடுத்து எண்களைப் பார்ப்போம். ஒத்துப்போனால் புதிய குறியீட்டைப் பதிவேட்டில் எழுதி, பழையதன் எதிரே 'தீர்ந்தது' என்று எழுதுவோம்.